பக்கத்துலதான்

ராணிப்பேட்டையில் ஃபிளேம் அரெஸ்டர் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. குழாயில் வரும் ஆவியைப் போக விட்டு, தீயை மட்டும் மறிக்கிற கருவி அது. எந்த இடத்துக்கு எந்த வகை என்று தேர்ந்து கையெழுத்துப் போடுகிறவர் மெஹருன்னிசா. அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்தவர் செங்கோடன். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது கூடுதல். முன்பு வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு வந்து சேர்ந்தவர். நரைத்த தலையோடு பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கம் இல்லை, அவசரம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"நான் தனியாக் கையெழுத்துப் போட இன்னும் எவ்வளவு தூரம் மேடம்?" என்று அடிக்கடி கேட்பார்.

மெஹருன்னிசா சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஒருநாள் பெயின்ட் ஆலை ஒன்று கருவி கேட்டது. அங்கே தின்னர் தொட்டியின் ஆவியைக் குழாய் வழியே பர்னருக்குக் கொண்டுபோய் எரிக்கிறார்கள். தீ அதே குழாயில் திரும்பி வந்தால் தொட்டியும் போகும், அதன் அருகில் வேலை செய்கிற ஆட்களும் போவார்கள். செங்கோடன் போனிலேயே விவரமெல்லாம் வாங்கினார். என்ன ஆவி, குழாய் எத்தனை அங்குலம், அழுத்தம், வெப்பம் என்று ஒன்றையும் விடவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சாதாரண வகையே போதும் மேடம்."

"பர்னருக்கும் நம்ம கருவிக்கும் எவ்வளவு தூரம்ணே?"

"அதையும் கேட்டுட்டேன். பக்கத்துலதான்னு சொன்னாங்க."

மெஹருன்னிசா பேனாவை மூடி வைத்தார். "வாங்க, ஒரு டீ சாப்பிட்டு வரலாம். நல்ல கடை இருக்கு."

"எங்க மேடம்?"

"பக்கத்துலதான்."

நடந்தார்கள். பஸ் ஸ்டாப் போனது. தோல் ஷெட்டுகள் போயின. ரயில்வே கேட் வந்து, அதுவும் பின்னால் போனது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. செங்கோடனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இதுவா மேடம் பக்கம்?"

"தினமும் ஸ்கூட்டர்ல தாண்டிப் போற கடைண்ணே. எனக்குப் பக்கம்னுதான் தோணும்."

கடை ஒருவழியாக வந்தது. செங்கோடன் பெஞ்சில் சாய்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தார்.

"நடந்து நடந்து களைச்சுட்டீங்க," என்றார் மெஹருன்னிசா. "குழாய்க்குள்ள ஓடுற தீ?"

"அது களைக்காதுங்க. ஓட ஓட வேகம்தான்..."

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். நெடுந்தூரம் ஓடி வேகம் பிடித்த தீயைச் சாதாரண வகை தாங்காது. வேலைக்குச் சேர்ந்ததும் அவர் படித்த முதல் பாடமே அதுதான்.

பெயின்ட் ஆலைக்குப் போன் போட்டார். "தம்பி, சிரமம் பார்க்காம டேப்பை எடுத்துட்டுப் போய், குழாய் போற வழியிலயே அளந்து சொல்லுங்க."

டீ ஆறிய பிறகு பதில் வந்தது. பர்னர் இருந்தது இரண்டு ஷெட் தாண்டி, மதில் ஓரத்தில். வழியில் வளைவுகள் வேறு.

"வெடிச்சு வர்ற தீயையும் தாங்குற வகைதான் மேடம் வேணும்," என்றார் செங்கோடன். தொட்டியருகே வேலை செய்கிற, முகம் தெரியாத அந்த ஆட்களை நினைத்து அவருக்கு மனசு லேசாகிவிட்டது. ஆறிய டீயைத் தள்ளிவிட்டு இன்னொரு டீ சொன்னார். அது நன்றாகவே இருந்தது.

திரும்பி நடக்கையில், பழக்கதோஷம், கேட்டுவிட்டார்.

"நான் தனியாக் கையெழுத்துப் போட இன்னும் எவ்வளவு தூரம் மேடம்?"

"பக்கத்துலதான்," என்றார் மெஹருன்னிசா.

செங்கோடன் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு நடந்தார்.