சி டிரைவ் கேட்ட குரல்

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து ஞானசிகாமணிக்குக் கம்ப்யூட்டர்தான் வாய். திரையில் ஒரு படத்தைத் தொட்டால் அவருக்காக அது பேசும். விண்டோஸுக்கென்று எழுதிய பழைய மென்பொருள். ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து மாலையில் அழைக்கும் மகள், அப்பாவின் மூச்சை மட்டும் கேட்டுவிட்டு அழுதபடி போனை வைத்தாள்.

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் வஹீதா டீச்சர் தன்னிடமிருந்த, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே அவருடைய மாணவர் தாணுலிங்கமும் வந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கற்க வந்தவர். லினக்ஸுக்கென்றே எழுதிய புதிய பேச்சு மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றினார்.

ஞானசிகாமணி பார்த்தார். படங்கள் வேறு, இடங்கள் வேறு. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கத்துக்கிட மாட்டேங்கிறாரு, டீச்சர்," என்றார் தாணுலிங்கம்.

"அப்ப பழசையே இதுல ஓட வைங்க, சார்."

தாணுலிங்கம் பழைய சிடியைப் போட்டுப் பார்த்தார். ஓடவில்லை.

"இதுக்கு விண்டோஸுல ஃபைலெல்லாம் வைக்கிற சி டிரைவ் வேணுமாம். லினக்ஸுல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாததைக் கேட்டா நான் எங்க போவேன்?"

அந்நேரம் ஞானசிகாமணி பெருவிரலை உதட்டருகே கொண்டுபோய்ச் சாய்த்தார். தாணுலிங்கம் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவர் தண்ணின்னு சொல்லலையே, சார்," என்றார் டீச்சர்.

"கை காட்டினாரே!"

"வாயால கேட்டாத்தான் தருவேன்னு இருந்திருக்கலாமே?"

தாணுலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் சொல்லச் சொல்ல, பழைய மென்பொருளுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருள் ஒன்றை ஏற்றினார். சாதாரண ஃபோல்டர் ஒன்று சி டிரைவ் என்று பெயர் வாங்கிக்கொண்டது. பழையது எதைக் கேட்டாலும், நடுவில் நின்றது அதை லினக்ஸிடம் வாங்கி, கேட்ட விதத்திலேயே கொடுத்தது. எழுத்துகள் மட்டும் திரையில் வெறும் கட்டங்களாக வந்து, சரியாவதற்குள் மதியம்வரை உயிரை வாங்கின.

மாலையில் மகள் அழைத்தாள். ஞானசிகாமணியின் விரல் பழகிய படத்துக்குத் தானாகப் போனது.

"மக்ளே, சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சாப்பிட்டேம்ப்பா... நீங்க சாப்பிட்டீங்களா?"

தாணுலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், அந்தப் பழைய மென்பொருள் இன்னும் விண்டோஸிலதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. பாவம், ஏமாத்திட்டோமோ?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க இருக்கோம்னு அது கேட்கவே இல்லையே, சார். பேசணும்னுதானே கேட்டுது."