உப்பில்லாத கஞ்சி

முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்கிறேன், பாப்பா முழித்து அத்தை கூப்பிடுகிறவரைக்கும். கை ஓடினால்தான் எனக்கு வாய் வரும்.

உலகநாச்சி என்று பாட்டுக் கட்டுகிற அம்மா ஒருத்தி இருந்தாள். அவளிடம் பாடம் கேட்டவர் திருமேனி. வயசு அவளைவிட அவருக்குத்தான் கூடுதல், தலை பாதி நரைத்தவர். ஆற்றங்கரை ஊர்க்காரர். நெல்லும் வாழையும் தவிர வேறு பார்க்காதவர், கடலோரத்து உப்பளச் சனங்களோடு பத்து நாள் தங்கி, அவர்கள் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதை நவராத்திரிச் சபையில் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. உலகநாச்சி சம்மதிக்காமல் அவளுடைய மாணாக்கர் யாரும் சபை ஏற முடியாது. மூன்று வருஷமாக அந்தச் சம்மதத்துக்குக் காத்திருந்தார்.

பாடிக் காட்டினார். ஊருக்கெல்லாம் உப்பு வாரித் தருகிறவள், தன் கஞ்சிக்கு ஒரு கல் உப்புக்கு வழியில்லாமல் குடிக்கிறாள் என்று வந்தது பாட்டு. கேட்ட மாணாக்கர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உலகநாச்சி துடைக்கவில்லை. அந்தக் கஞ்சியை எங்கே பார்த்தீர் என்று கேட்டாள்.

சடைச்சி என்கிறவள் வீட்டில், தானே குடித்ததாகச் சொன்னார். வாயில் வைக்க முடியவில்லையாம். மரியாதைக்குக் குடித்தாராம்.

"வேற்றுச் சனத்தைப் பாட்டில் கொண்டுவருவது இப்படித்தானே அம்மா?"

"அவள் வீட்டில் பாடிவிட்டு வருவோம், வாரும்," என்றாள் உலகநாச்சி.

இரண்டு நாள் நடை. வழியில் மழை பிடித்துக்கொண்டது, அந்த வருஷத்து முதல் மழை. போய்ச் சேர்ந்தபோது உப்புப் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர்.

சடைச்சி ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். ஆற்றங்கரைச் சாமிக்கு அன்றைக்குப் பாதிக் கஞ்சியிலேயே முகம் சுண்டிப்போனதைச் சொல்லிச் சிரித்தாள். பாய் விரித்தாள்.

திருமேனி பாடினார். முடிகிறவரைக்கும் சடைச்சி தலை நிமிரவில்லை. முடிந்ததும் உள்ளே போய்க் கஞ்சி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

குடித்தார். உப்பு சரியாக இருந்தது.

"இன்னைக்கு உப்பு போட்டிருக்கே," என்றார்.

"நேத்து மழை பெஞ்சிருச்சே சாமி."

அவருக்கு விளங்கவில்லை. சடைச்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள். உப்பளத்தில் ஒருத்தர் இறந்துபோனால், அவர் கடைசியாக வாரிப் போட்ட உப்பை யாரும் அள்ள மாட்டார்கள். பாத்தியோரம் அப்படியே கிடக்கும். மழை வந்து அது கரைகிறவரைக்கும் அந்த வீட்டுச் சட்டியில் உப்பு விழாது. சித்திரையில் அவள் மகன் போய்விட்டான். அஞ்சு மாசம் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டேதான் கஞ்சி குடித்திருக்கிறாள்.

"நீங்க அதைக் கடந்துதான் வந்தீங்க சாமி. வெள்ளையா அழகா இருக்குன்னு சொன்னீங்க."

திருமேனி கஞ்சியைக் கீழே வைத்தார்.

"சபையில இதைப் பாடினா, உப்புக்கு வழியத்த வீடும்பாங்க. எம் மவன் வாரி வச்சுட்டுத்தான் போனான். எங்களுக்கு இல்லாம இல்ல."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திருமேனி பாட்டெழுதிய ஓலையைக் கையில் எடுத்தார்.

"கிழித்துப் போடட்டுமா அம்மா? மூணு வருஷம் போனால் போகட்டும். பாட்டு பொய்யாகிவிட்டதே."

உலகநாச்சி சடைச்சியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்த வீட்டில் இல்லை என்று பாடினீரே புலவரே, அது சரிதான். எது இல்லை என்பதில்தான் பிசகிவிட்டீர்."

திருமேனி ஓலையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சடைச்சி பக்கம் திரும்பி, மகன் பேர் என்ன என்று கேட்டார். அஞ்சு மாசமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எம் மவன் பேரு...

இதோ வாரேன் அத்தை, பாப்பா முழிச்சுட்டாளா, இந்த முறத்தைக் கொஞ்சம் பிடியேன்...