மந்திரி மகனும் ஒரே பாயும்

கேளுங்கள். சும்மா தலையாட்டிக்கொண்டு கேட்காமல், காது கொடுத்துக் கேளுங்கள்.

கடல் இன்னும் இவ்வளவு கிட்ட வந்து சேராத காலத்தில், நாவற்பட்டினம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே அறவாழி என்று ஒரு மந்திரி. அவர் பேச எழுந்தால் கல்லும் கரையும்.

"அரண்மனைப் பிள்ளையும் அகழி வெட்டுகிறவர் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும்!" என்றார் அவர். ராஜாவும் சரி என்றார். உப்பு வியாபாரியின் பழைய கிடங்கை வாங்கிப் பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

அகழி வெட்டும் ஒச்சாயியின் மகள் பூவாத்தாளும் அங்கே போனாள். மூன்றே மாதத்தில், கோட்டை வாசலில் இருந்த கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாற்பது வருஷமாக அந்தக் கல்லைத் தாண்டி வேலைக்குப் போன ஒச்சாயி, அங்கேயே நின்று அழுதாள்.

மந்திரியின் மகன் மட்டும் வரவில்லை. அவன் மூடுபல்லக்கில் ஏறி, மலைமேல் ஒரு தனிக் குருவிடம் போனான். பல்லக்குத் தூக்குகிறவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? ஊரே சிரித்தது.

கிடங்கை அரை மனதோடு விற்ற உப்பு வியாபாரிக்குக் கொண்டாட்டம். சபைக்கு ஓடினார்.

"மகாராஜா, சொன்னவரே தன் பிள்ளையை அனுப்பவில்லை. அப்படியானால் பள்ளிக்கூடமே ஏமாற்று வேலை. மூடிவிட்டு என் கிடங்கைத் திருப்பிக் கொடுங்கள்!"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தரையைப் பார்த்தார். "சரி, மூடிவிடலாம்" என்று ராஜா வாயெடுத்தார்.

"நிறுத்துங்க சாமி!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள் ஒச்சாயி. கையில் மண்வெட்டி.

"மந்திரி போட்டது ரெட்டை வேஷந்தான். அதுக்கு எம்புள்ள உக்காந்த பாயை எதுக்குச் சுருட்டுறீங்க?"

பிறகு மந்திரியிடம் திரும்பினாள். "ஐயா, உங்க புள்ள ஏன் வரல?"

"கூரை ஒழுகுகிறது அம்மா."

"வேயச் சொல்ல வேண்டியது யாரு?"

"நான்தான்."

"அப்புறம்?"

"வாத்தியார் பாதி நாள் வருவதில்லை."

"அவரைக் கேக்க வேண்டியது யாரு?"

"நான்தான்."

"இன்னும்?"

"ஏடுகள் போதவில்லை."

"குடுக்க வேண்டியது யாரு?"

"அதுவும் நான்தான்."

"உங்க புள்ளைக்கு ஆகாதது எங்க புள்ளைக்குப் போதும்னு நெனச்சீங்களே, அதுதான்யா வயிறு எரியுது. நாளைக்கு உங்க மகன் அந்தப் பாயில உக்காரணும். எம்மக பக்கத்துல."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

முதல் நாள், மழை மந்திரி மகன் தலையில் ஒழுகியது. பொழுது சாய்வதற்குள் கூரைக்குப் புதுக் கீற்று ஏறியது. இரண்டாம் நாள், சூரியனுக்கு முன்னால் வாத்தியார் வந்து நின்றார். மூன்றாம் நாள், வண்டி நிறைய ஏடுகள் வந்தன. மூன்று மாதமாகப் பூவாத்தாள் தலையில் ஒழுகியது மட்டும் மழை இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒச்சாயி மந்திரி முகத்துக்கு நேரேயே அதைக் கேட்டுவிட்டாள்.

ஆகவே, ஊருக்கு ஒன்று சொல்லித் தனக்கு ஒன்று செய்கிறவரைப் பிடித்து உலுக்குங்கள். அவரைச் சாக்காக வைத்து ஊர்ப்பிள்ளைகளின் பாயைச் சுருட்ட மட்டும் யாரையும் விடாதீர்கள்.