மூன்றாம் அண்டா

பிறவிப்பெருமாள் வந்து உட்கார்ந்ததும் குரு சைலப்பர் கேட்டார்.

"என்னவே, மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"கல்யாணம் நின்னு போச்சு சாமி." கொஞ்சம் யோசித்துத் திருத்தினார். "நிக்கலை. தொங்குது."

குருவுக்குச் சீடரைவிட நான்கு வயது குறைவு. அவர் எதற்குக் குரு என்று அம்பாசமுத்திரத்தில் விசாரித்தால் தெருவுக்கு ஒரு பதில் கிடைக்கும். பிறவிப்பெருமாள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர். நாற்பத்தாறு வயதுவரை பெண் அமையாமல் போனதற்கு அவருடைய சங்கீத ஞானமும் ஒரு காரணம் என்பார்கள். பாடகர் வாய் திறந்து முதல் இழுப்பு இழுத்ததுமே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு மீதிக் கச்சேரியை அவ்வளவாகக் கேட்க மாட்டார்.

இப்போது அமைந்திருந்த பெண்ணின் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். குழல்போல் இனிய சொல்லை உடையவள் என்று பொருள். பெயர் வைத்தபோது பெற்றோருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். மற்ற நேரத்தில் ஒரு பெரிய அலுமினிய அண்டாவை முன்னால் வைத்து, அதன் விளிம்பில் வயலின் வில்லைத் தேய்ப்பாள். அந்தச் சத்தம் மைக் வழியாக ஒரு பெட்டிக்குள் போய், வேறு சத்தமாகத் திரும்பி வரும். இதைக் கேட்கத் திருநெல்வேலியில் ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

"கச்சேரிக்குப் போனீரா?" என்றார் குரு.

"போனேன். 'மூன்றாம் அண்டா'ன்னு ஒண்ணு வாசிச்சா."

"நல்லா இருந்துதா?"

"பாதியில பிளக்கைப் பிடுங்கிட்டேன் சாமி."

குரு அவரையே பார்த்தார்.

"ஸ்பீக்கர் பழுதாயிட்டுன்னு நெனச்சேன். அவ மானம் போகக் கூடாதேன்னு ஓடிப் போய்ப் பிடுங்கினேன். நல்ல எண்ணம்தான்."

"அவ என்ன சொன்னா?"

"பிளக்கைப் பிடுங்கினதுக்குக் கோபமில்லையாம். பழுதுன்னு நெனச்சதுக்குத்தான் கோபமாம். அடுத்த மாசம் திரும்ப வாசிக்கா. 'வந்து கேளுங்க, அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசுவோம். ஆனா பொய்யா ஒரு தலையாட்டு பாத்தேன்னா அன்னைக்கோட சரி'ன்னுட்டா." பிறவிப்பெருமாள் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து வைத்தார். "பதிவு குடுத்திருக்கா. இதை ரசிக்கிறதுக்கு ஒரு வழி சொல்லணும் சாமி."

"சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது வாரும். இங்க உக்காந்து கேளும்."

"அவ்வளவுதானா?"

"மறுநாளும் வாரும்."

அன்று மாலை மணி அடித்ததும் குரு ஸ்பீக்கரைத் திருகினார். அண்டா அலறியது. பிறவிப்பெருமாள் எழுந்தார்.

"பின் ஜன்னலைச் சாத்தட்டுமா சாமி? வெளிச்சத்தம் கலக்காம சுத்தமாக் கேக்கலாம்."

"காத்து வரட்டும்வே."

முதல் சில நாட்கள் அவர் ராகம் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு தொடையில் தட்டித் தாளம் தேடினார். தொடைதான் சிவந்தது.

"சாமி, இது வெறும் சத்தம்."

"ஆமா" என்றார் குரு.

பிறகு ஒரு மாலை. அண்டா இடிபோல் உறுமி ஓய்ந்து, ஒன்றுமில்லாத ஓர் இடம் வந்தது. அந்த அமைதிக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில்போல, கீச்... கீச்... களுக் என்று ஒன்று கேட்டது.

பிறவிப்பெருமாள் நிமிர்ந்தார்.

மறுநாள் அதற்காகக் காத்திருந்தார். வந்தது. அதற்கடுத்த நாள் அது சற்றுத் தாமதித்தது, தவித்துப்போனார். எப்போது வரும் என்று தெரியாததால் அதற்கு முன்னால் வரும் உறுமலைக் கவனிக்க வேண்டியிருந்தது. உறுமல் எப்போது என்று தெரிய, அதற்கு முந்தைய சீறலை. இப்படியே பின்னோக்கிப் போய்த் தொடக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

"சாமி, அந்த உறுமல் அடங்குற இடம் இருக்கே" என்றார் ஒருநாள். கண் கலங்கியிருந்தது. "என்னமா அடங்குது! அப்புறம் அந்தக் கீச். இடம் பார்த்து வச்சிருக்கா பாருங்க."

"கீச் நல்லா இருக்கோ?"

"அதுதான் சாமி உயிர். ஒரே பதிவுதான், ஆனா கீச் மட்டும் நாளுக்கொரு இடத்துல வருது. யோசிச்சுப் பார்த்தேன். காலங்கிறது நம்ம மனசுலதானே இருக்கு?"

"அப்படியா?" என்றார் குரு.

ஒரு மாலை கீச் வரவேயில்லை. பிறவிப்பெருமாள் தலை குனிந்தார்.

"இன்னைக்கு என் மனசு ஒடுங்கலை சாமி."

"பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மக வீட்டுக்குப் போயிருக்கா" என்றார் குரு.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பிறவிப்பெருமாளுக்குப் புரியவில்லை. குருமார்கள் சம்பந்தமில்லாமல் பேசுவது மரபு என்பதால் வணங்கிவிட்டுப் போனார்.

கச்சேரி நாள் வந்தது. திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. குழல்வாய்மொழி அவரைப் பிளக்கிலிருந்து மிகத் தொலைவில் உட்கார வைத்தாள். அண்டா சீறியது, அவர் உடல் சிலிர்த்தது. அண்டா உறுமியது, கண்ணை மூடினார். உறுமல் அடங்கியது. ஒன்றுமில்லாத அந்த இடம் வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை. அமைதி அப்படியே நீண்டு, வேறொரு சீறலில் போய் முடிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு அவள் வந்து எதிரே நின்றாள்.

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மொதல்ல ரசிச்சீங்க. நடுவுல மூஞ்சி சுருங்கிட்டு. ஏன்?"

பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்தார். பொய்க்கு என்ன தண்டனை என்பது நினைவுக்கு வந்தது.

"எல்லாம் நல்லா இருந்துது. ஆனா அந்தக் கீச்சை ஏன் எடுத்துட்டீங்க?"

"எந்தக் கீச்?"

"உறுமலுக்கு அப்புறம் வருமே."

"அங்க ஒண்ணும் கிடையாது."

"இருக்கு." பிறவிப்பெருமாள் நின்றபடியே பாடத் தொடங்கினார். தொடக்கச் சீறல், நடுவில் வரும் விக்கல், உறுமல், அது அடங்குவது, அமைதி, பிறகு கீச், கீச், களுக். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குழல்வாய்மொழி கையிலிருந்த வில்லைக் கீழே வைத்தாள். அவளுடைய அண்டாவை அதுவரை யாரும் வாயால் பாடியதில்லை.

"கடைசி மூணும் என்னோடது இல்ல" என்றாள். "எங்க கேட்டீங்க?"

மறுநாள் மாலை இருவரும் குருவின் வீட்டில் உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. குரு ஸ்பீக்கரைத் திருகினார். சீறல், விக்கல், உறுமல், அமைதி.

கீச். கீச். களுக்.

குழல்வாய்மொழி எழுந்து பின் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பிறவிப்பெருமாளும் போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கொல்லையில் பேச்சியம்மா விளக்கேற்றிவிட்டு வந்து, செடிக்கு ஊற்ற அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

பிறவிப்பெருமாளுக்குக் காது வரை சிவந்தது.

"சாமி, உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"என் வீட்டு ஜன்னல்தானவே."

"பம்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீரு?"

அவர் யோசித்தார். "ஜன்னலைச் சாத்தியிருப்பேன்."

குழல்வாய்மொழி ஜன்னல் கம்பியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கண்ட பேச்சியம்மா பம்புப் பிடியை விட்டுவிட்டுக் கூவினாள்.

"சத்தம் ரொம்ப எடுக்கோ தாயி? இன்னைக்கு ஒருநா பொறுத்துக்கோ. காலையில வாஷர் மாத்த ஆள் வாரான்!"

"ஐயோ!" என்றார் பிறவிப்பெருமாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். "சாமி, வாஷரை மாத்திட்டா அந்தக் கீச் போயிருமே! நான் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்."

"உக்காரும்வே" என்றார் குரு. "புது வாஷரும் ஏதாவது சொல்லும். நாளைக்கு மணி அடிக்கும்போது வாங்க. ரெண்டு பேருமா."