சாய்ந்த தோட்டத்தில் குறைந்த பூ

வெகு காலத்துக்கு முன் வெண்குறிச்சி நாட்டை விடங்கராயன் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. கோபம் வந்தால் யாரையாவது நாடு கடத்துவான், கோபம் போனதும், "அவனை எங்கே காணோம்?" என்று தேடுவான்.

அவனுக்கு இரண்டு அரசிகள். மூத்த அரசிக்குக் கோட்டைச் சுவரை ஒட்டி ஒரு மல்லிகைத் தோட்டம் இருந்தது. பக்கத்துக்குப் பத்துக் கோல், நேரான சதுரம். தனக்கும் அதே அளவில் ஒன்று வேண்டும் என்றாள் இளைய அரசி. அளந்து கொடுக்கும் வேலை கச்சிராயரிடம் போயிற்று. கச்சிராயர் பெரிய பிரபு. அமைச்சர் பெரியாண்டாரின் இருக்கை அரசனுக்குப் பக்கத்தில் இருப்பதையும், தன் இருக்கை தூண் மறைவில் இருப்பதையும் எண்ணியெண்ணியே இளைத்திருக்க வேண்டியவர். ஆனால் ஒரு சுற்றும் இளைக்கவில்லை.

வெண்குறிச்சியில் நிலம் அளப்பது என்றால் வரப்பை அளப்பதுதான். நாலு வரப்பிலும் கயிறு பிடிப்பார்கள். நீளம் சரியாக இருந்தால் வேலை முடிந்தது. உள்ளே எவ்வளவு இடம் என்று யாரும் கேட்டதில்லை. இளைய அரசிக்குக் கிடைத்த இடத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் சாய்வாக ஓடியது. கச்சிராயர் அதன் போக்கிலேயே இரண்டு வரப்புகளைச் சாய்த்துப் போட்டார். நாலு பக்கமும் பத்துக் கோல்தான்.

மல்லிகை பூக்கத் தொடங்கியது. மூத்தவள் தோட்டத்தில் தினமும் பத்துக் கூடை. இளையவள் தோட்டத்தில் எட்டு. இளையவள் மூன்று நாள் அரசனோடு பேசவில்லை.

கச்சிராயர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சபையில் எழுந்தார். குறையும் இரண்டு கூடைப் பூவும் தோட்டக் காவற்காரன் காளத்தி வீட்டுக்குப் போகிறது என்றார். அவனை வேலையில் வைத்தவர் அமைச்சர் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னார். அரசன் யோசிக்கவில்லை. காளத்தியின் கையைக் கட்டிச் சபைக்குக் கொண்டுவரச் செய்தான். பொழுது சாய்வதற்குள் காளத்தி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டும் என்றான். காளத்தியின் மனைவி அப்போது நிறைமாதம்.

"அரசே, ஒரு சொல்," என்றார் பெரியாண்டார். "பூ திருட்டுப் போகவில்லை. தோட்டமே சிறியது."

சபை சிரித்தது. கச்சிராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அமைச்சரே, நாலு வரப்பிலும் நானே கயிறு பிடித்தேன். பத்து என்றால் பத்துதான். வரப்பு சாய்ந்தால் கயிறு சுருங்குமா?"

"சுருங்காது. நிரூபிக்க எனக்கு ஒரு கட்டில் வேண்டும், அரசே. கயிறு பின்னாதது, ஆணி இறுக்காதது. கச்சிராயரும் வேண்டும்."

நிரூபிக்காவிட்டால் அமைச்சர் பதவியைக் கச்சிராயருக்கே கொடுத்துவிடுவேன் என்றான் அரசன். பெரியாண்டார் சரி என்றார். கச்சிராயர் அப்போதே தூணை விட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

கால்கள் மாட்டாத கட்டில் சட்டம் ஒன்று வந்தது. நாலு மரமும் ஒரே நீளம். அதைத் தரையில் சதுரமாகக் கிடத்தி, அதற்குள் உட்காரும்படி கச்சிராயரைக் கேட்டார் அமைச்சர். அவர் சம்மணமிட்டுத் தாராளமாக உட்கார்ந்தார்.

"இடம் வசதிதானே, ஐயா?"

"அமைச்சர் இருக்கையைவிட வசதி."

பெரியாண்டார் கண்ணைக் காட்டினார். இரண்டு சேவகர்கள் தலைமாட்டிலிருந்த மேல்மரத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினார்கள். சதுரம் சாய்ந்தது. கச்சிராயரின் முழங்கால் ஒரு மரத்திலும் முதுகு இன்னொன்றிலும் முட்டின. இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள்.

"போதும், நெருக்குகிறது."

"ஏன் ஐயா நெருக்குகிறது? மரம் சுருங்கியதா?"

"இல்லை."

"அப்படியானால் இதற்குள் நீங்கள்தான் பருத்துவிட்டீர்களோ?"

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் சட்டத்தையே உற்றுப் பார்த்தான். நாலு மரமும் அப்படியே இருக்கின்றன, ஆனால் ஆள் உட்கார இடமில்லை. இந்த இடம் எங்கே போயிற்று என்று கேட்டான்.

பெரியாண்டார் ஒரு கயிற்றை எடுத்தார். அடிமரத்திலிருந்து மேல்மரத்துக்குச் சாய்ந்த மரத்தின் வழியே போகாமல், செங்குத்தாகப் பிடித்துக் காட்டினார். சட்டம் சாயச் சாய அந்த உயரம் குறைகிறது, உயரம் குறையக் குறைய உள்ளிருக்கும் இடமும் குறைகிறது என்றார். "சதுரத்தில் பக்கமே உயரம். சாய்ந்ததில் பக்கம் வேறு, உயரம் வேறு. அடியை உயரத்தால் பெருக்கவேண்டும், அரசே. சாய்ந்த பக்கத்தால் பெருக்கினால் இல்லாத நிலம் கணக்கில் வந்துவிடும்."

அரசன் காளத்தியையும் கூட்டிக்கொண்டு சபையோடு தோட்டத்துக்கே போனான். ஒரு வரப்பிலிருந்து எதிர் வரப்புக்குச் செங்குத்தாகக் கயிறு பிடித்தார்கள். எட்டுக் கோல் இருந்தது. பத்தை எட்டால் பெருக்க எண்பது சதுரக் கோல், மூத்தவளுக்கோ நூறு. பத்துச் சதுரக் கோலுக்கு ஒரு கூடை என்று பூ இரண்டு இடத்திலும் ஒழுங்காகத்தான் பூத்திருந்தது.

அரசன் காளத்தியின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தான். குறைந்த இருபது சதுரக் கோலைப் பக்கத்திலிருந்த கச்சிராயரின் வாழைத் தோப்பிலிருந்து எடுக்கச் சொன்னான். பத்துக் கோல் அடிவரப்பை அந்தப் பக்கமாக இன்னும் எவ்வளவு நீட்டுவது என்பதைக் கச்சிராயரே சொல்லவேண்டும். அவர் விரலை மடக்கி, "இரண்டு கோல்" என்றார்.

"உயரம் எட்டுத்தானே, ஐயா? ஈரெட்டுப் பதினாறு. இன்னும் நாலு வேண்டும்," என்றார் பெரியாண்டார்.

கச்சிராயர் தோப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "இரண்டரை," என்றார். இந்த முறை சரியாக இருந்தது.

காளத்தி மட்டும் போகாமல் நின்றான். திருடன் என்ற பேச்சு இதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது, அதை யார் அழிப்பது என்று கேட்டான். அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. அழிக்கும் வேலையைக் கச்சிராயரிடமே கொடுத்தான்.

அன்று மாலை கச்சிராயர் தெருத் தெருவாகப் போனார். கட்டில் சட்டத்தைச் சேவகர்கள் சுமந்து வந்தார்கள். "காளத்தி திருடவில்லை. நான்தான் தப்பாக அளந்தேன்," என்று ஒவ்வொரு தெருவிலும் சொன்னார். அதெப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சட்டத்தைச் சாய்த்துக் காட்டவேண்டியிருந்தது. முதல் தெருவில் முணுமுணுத்தார். கடைசித் தெருவுக்கு வந்தபோது கூட்டமே கூடிவிட்டது.

மோர் விற்கும் பெண்ணொருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "முழுக்கச் சாய்த்தால் என்ன ஆகும், சாமி?" என்று கேட்டாள்.

கச்சிராயர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "நல்ல கேள்வி, அம்மா. கிட்ட வா, நீயே தள்ளிப் பார்," என்றார்.