வேருக்கு ஊற்றிய முதல் வடிப்பு

அந்தக் காலத்தில் மரஞ்செடிகளுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. பனை, கரும்பு, நெல், திராட்சை, பார்லி எல்லாம் ஒரே ஆற்றங்கரையில் ஒரு குடும்பமாக இருந்தன. பொழுது சாய்ந்தால் போதும், பேச உட்கார்ந்துவிடும். திராட்சைக்குப் பேசும்போது யார் தோளையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பார்லி எதற்கெடுத்தாலும் வெயிலைக் குறை சொல்லும். கரும்பு பேசினால் யாருக்கும் கோபமே வராது. அப்படியும் ஒரு காலம் இருந்தது. இனி எங்கே வரப்போகிறது?

அவற்றுக்கு நடுவில் குடிசை போட்டிருந்தவள் சிலம்பாயி. பானை வனைவதும், மரஞ்செடிகள் தரும் சாற்றைப் புளிக்கவைத்து ஊருக்குக் கொடுப்பதும் அவள் வேலை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்தச் சாயங்காலப் பேச்சுதான் அவளுக்குச் சொந்தபந்தம்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. ஆறு வெறும் மணலாகிவிட்டது. பிழைக்க வேண்டுமானால் ஆளுக்கொரு திசை போயாக வேண்டும். நெல் கிழக்கே சேற்று நிலத்துக்கு, திராட்சை மேற்கே மலைச்சரிவுக்கு, பார்லி பனி பெய்யும் தேசத்துக்கு, கரும்பு கடல் தாண்டித் தீவுகளுக்கு என்று முடிவாயிற்று. பனை மட்டும், "நான் எங்கயும் வரல. தண்ணி இல்லாட்டியும் நின்னுக்குவேன்" என்றது.

சிலம்பாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"பனையண்ணே, இவங்கல்லாம் போயிட்டா நான் யாருகிட்ட பேசுவேன்?"

"எங்க பேச்சு எங்க சாத்துலயே இருக்கு புள்ள. குடிச்சா காதுல விழுமே."

"அது ரெண்டு நாள்ல கெட்டுப்போயிருமே. அப்புறம்?"



மறுநாள் மீந்துபோன கள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பில் ஏற்றி மூடிவைத்தாள். திறந்தபோது மூடியின் அடியில் துளித்துளியாக ஈரம் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கள்ளின் புளிப்பு இல்லை. பனையின் வாசம் மட்டும் காரமாக ஏறியது. காதுக்குள் பனை செருமுவது கேட்டது.

அவ்வளவுதான், இது கெட்டுப்போகாது என்று சிலம்பாயிக்குப் பட்டது, உட்காரவே இல்லை. புளித்த சாற்றுப்பானையை அடுப்பில் ஏற்றினாள். உள்ளே, சாற்றுக்கு மேலாக, ஒரு கிண்ணத்தைத் தாங்கல் கொடுத்து வைத்தாள். வாயை இன்னொரு பானையால் மூடி, அதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள். மேலே போன ஆவி குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டியது. கரும்புக்கு ஒரு பானை, நெல்லுக்கு ஒரு பானை என்று தனித்தனியாக வடித்தாள்.

அவள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் முதல் பங்கு கொடுத்தவருக்கே. கிணறு வெட்டினால்கூட முதல் குடம் அந்த மண்ணுக்குத்தான். அதன்படி ஒவ்வொரு பானையிலும் முதலில் வடிந்ததை எடுத்துப்போய், அந்தந்த மரஞ்செடியின் வேரில் ஆசையாக ஊற்றினாள். முதலில் வடிவது விஷம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

"தொண்ட எரியுதே புள்ள" என்றது பனை. அதுதான் அது தன் வாயால் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் காலையில் பனையைத் தவிர மற்றதெல்லாம், மிச்ச வடிப்பு நிறைந்த தங்கள் தங்கள் பானையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. போய்வருகிறேன் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை, சொல்ல வாயில்லை. திராட்சை அவள் தோளைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு விட்டது. வழியில் யாரிடமும் வழி கேட்க முடியாமல், கால் ஓய்ந்த இடத்தில் நின்று வேர்விட்டன. அங்கங்கே இருந்த ஜனங்கள் பானையைத் திறந்து ருசி பார்த்தார்கள். பிறகு தாங்களே வடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பனி தேசத்தார் மரப் பீப்பாயில் ஊறப்போட்டார்கள், சேற்று நிலத்தார் மண்சாடியில் ஊற்றிவைத்தார்கள். ஊருக்கொரு நிறம், ஊருக்கொரு வாசம் ஆயிற்று.

சிலம்பாயி பனையின் அடியிலேயே கிடந்தாள். "வாயக் கட்டிப்புட்டேனே அண்ணே" என்று புலம்பினாள். பனை ஓலையை அசைத்தது. அவளுக்கு அது போதவில்லை. பனையின் பானையைத் தொடவும் மனசு வரவில்லை.

ஒரு சாயங்காலம் தனிமை தாங்காமல் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். நெஞ்சு எரிந்தது. அப்புறம் அவள் கேட்காமலே அவள் வாய் திறந்தது. வந்தது பனையின் குரல்.

"அழாத புள்ள. நீ வேணும்னா செஞ்ச? இதக் கேளு, இந்தக் கரும்புப் பய ஒரு தடவ எறும்புக்குப் பயந்துகிட்டு என் உச்சியில ஏறி உக்காந்தானே..."

சிலம்பாயி சிரித்தாள், அழுதாள். கதை முடிந்ததும் பனை அதையே முதலிலிருந்து மறுபடி சொன்னது. அவள் புதிதாகக் கேட்பவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மீண்டும் அடுப்பு மூட்டியபோது, முதல் வடிப்பைப் புல்கூட முளைக்காத கட்டாந்தரையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அன்றிலிருந்துதான் வடிப்பவர்கள் முதல் வடிப்பை வாயில் வைப்பதில்லை, மரஞ்செடிகளும் வாய் திறப்பதில்லை. குடித்தவன்தான், எந்தத் தேசத்துக்காரனாக இருந்தாலும், யாரையாவது பிடித்து உட்காரவைத்து, பழைய கதையை எடுத்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நடுவில் காரணம் தெரியாமல் அழுகிறான்.