புகைக்குள்ள ஒளிஞ்ச பெருச்சாளி

நாலு பக்கமும் மலை, நடுவுல குண்டான் மாதிரி ஒரு ஊரு. அந்த ஊரு குப்பைமேட்டுல தொந்தியன்னு ஒரு பெருச்சாளி இருந்தான். பொண்டாட்டி மங்கா. குட்டி மிளகு. தலைக்கு மேல எப்பவும் ஒரு பருந்து வட்டம் போடும்.

ஒரு நாள் குப்பை பத்திக்கிச்சு. மேல போன புகையை மலை வெளிய விடல. அது ஊருக்கே மூடி போட்டு உக்காந்துக்கிச்சு. பருந்து கண்ணுக்கு ஒண்ணும் தெரியல!

"அடி மங்கா! வானத்துக்கே திரை கட்டியாச்சு!"ன்னு தொந்தியன் குதிச்சான். மத்த பெருச்சாளிங்களையும் சேர்த்துக்கிட்டான். டயரு, வயரு, பிஞ்ச செருப்புன்னு கிடைச்சதையெல்லாம் இழுத்து தினமும் நெருப்புல போட்டாங்க.

சூரியன் செத்த மீன் கண்ணு மாதிரி வெளுத்துச்சு. குருவி சத்தம் நின்னுச்சு. காக்கா கரைய வாயைத் திறந்தா இருமல் வந்துச்சு. எல்லார் மேலயும் ஒரே கரித்தூள். பக்கத்துல நிக்கிறது யாருன்னு மோந்து பார்த்தா, அதுவும் புகை வாசம்தான்.

மிளகு மூச்சு விட்டா உள்ள யாரோ விசில் ஊதுற மாதிரி கேட்டுச்சு.

"யோவ், பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது! மலைக்குப் போயிடலாம்யா!"

"மேல போனா பருந்து தின்னுடும்டி!"

"பருந்து ஒரு தடவைதான் தின்னும். இது மூச்சுக்கு மூச்சு தின்னுதே!"

அப்போ பொத்துன்னு ஏதோ விழுந்துச்சு. பருந்து! றெக்கை பூரா கரி. எல்லாரும் உறைஞ்சு போனாங்க. அது யாரையும் கொத்தல. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, ரொம்ப மரியாதையா கேட்டுச்சு: "மலை எந்தப் பக்கங்க?"

யாருக்கும் தெரியல. மலையைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு.

மங்கா மிளகைக் கவ்விக்கிட்டா. தரை எந்தப் பக்கம் மேடா ஏறுதோ, காலால தடவித் தடவி அந்தப் பக்கமே நடந்தா. பின்னாடியே சர்ரு சர்ருன்னு றெக்கை இழுபடுற சத்தம். அவ திரும்பிப் பார்க்கல.

பாதி மலை ஏறினதும் புகை கீழயே நின்னுடுச்சு. வெயில்! மிளகைப் பாறையில இறக்கி விட்டா. அது நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துச்சு.

பருந்து றெக்கையை உதறிச்சு. "இன்னைக்கு விடுறேன். நாளைக்குக் கண்ணுல பட்டா தின்னுடுவேன்!"

"நாளைக்குன்னு ஒண்ணு வேணும்னுதானே ஏறி வந்தோம்!"ன்னா மங்கா.

கீழ புகைக்குள்ளேருந்து தொந்தியன் குரல் வந்துச்சு. "பருந்து ஓடிப்போச்சு! ஜெயிச்சுட்டோம்! இன்னும் போடுங்கடா!" அப்புறம் இருமல். அப்புறம் அதுவும் கேட்கல.

எதிரி கண்ணை மறைக்க நாம போடுற புகை, மொதல்ல நம்ம பிள்ளை மூச்சைத்தான் அடைக்கும்.